அஞ்சாவது பிள்ளைக்குப் பொதுத்தேர்வா? சட்டம் சொல்வது என்ன?



"அஞ்சாவதுக்கே பரீட்சை வச்சு ஃபெயில் போடப் போறாங்களாமே?" என்ற கேள்வி குழுக் கூட்டங்களில் இன்னும் வருகிறது. பொம்பளைப் பிள்ளை ஒருதரம் ஃபெயிலாகிவிட்டால் போதும், "படிச்சது போதும், வேலைக்கு வா" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அதனால் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

2009-ல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது நமக்குத் தெரியும். அதே சட்டத்தின் 16-ம் பிரிவு, 8-ம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது, பள்ளியை விட்டு நீக்கவும் கூடாது என்றது. அதுவரை எந்தப் பொதுத்தேர்விலும் பாஸாக வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது 30-ம் பிரிவு.

2019-ல் 16-ம் பிரிவைத் திருத்தினார்கள். 5, 8-ம் வகுப்புகளில் ஆண்டு இறுதித் தேர்வு வேண்டும். தேறாத பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்து, ரிசல்ட் வந்த 2 மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் நிறுத்தி வைப்பதா என்பதை அரசே முடிவு செய்யலாம். பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை.

தமிழக அரசும் 2019 செப்டம்பரில் 5, 8-ம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டது. பத்து வயசுப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பயம் என்று எதிர்ப்பு கிளம்பியது. 2020 பிப்ரவரி 4-ல் அதை ரத்து செய்தார்கள். 2024 டிசம்பரில் டிவியில் வந்த செய்தி மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளைப் பற்றியது. 8-ம் வகுப்பு வரை பழைய முறையே தொடரும் என்று தமிழ்நாடு அப்போதே சொல்லிவிட்டது.

ஃபெயில் இல்லை என்பதால் படிப்பு வந்துவிட்டது என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம், அதுதான் எனக்குக் கவலை. குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் சேமிப்பைக் கூட்டிக் காட்டச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் பிள்ளை திணறுவது தெரிந்துவிடும். திணறினால் டீச்சரிடம் போய்க் கேட்கலாம். பிள்ளை எவ்வளவு கற்றது என்று பார்ப்பதும், தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதும், பெற்றோருக்குத் தெரிவிப்பதும் ஆசிரியரின் கடமை என்று 24-ம் பிரிவு சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் இதே சட்டம்தான்.