பழைய மல்லைப் படம்: மூலத்தை அறிவது எப்படி?

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களைக் காட்டும் பழைய அச்சுப் படமொன்று செங்கற்பட்டு வீடொன்றின் கூடத்துச் சுவரிலிருந்து இறங்கி விலைக்கு வருமானால், அதன் மதிப்பை நிர்ணயிக்க முதலில் வேண்டுவது பூதக்கண்ணாடியேயன்றி, அழகைப் பற்றிய வர்ணனையன்று. 1792-93இல் தென்னாட்டில் சஞ்சரித்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 படங்களாக வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’யில் மல்லைக் காட்சிகளும் உண்டு, விக்டோரியா மகாராணி பட்டமேறியதோ 1837இல்தான் என்பதால், இவற்றை ‘விக்டோரியா காலத்துச் சித்திரம்’ என்று விற்பவர் தம் சரக்கையே அறியாதவர்.

இவை அக்வாடின்ட் முறையில் அச்சானவை. செப்புத் தகட்டின்மீது பிசின் தூளைப் படியவிட்டுச் சூடேற்றினால் துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ள, பின்னர் வார்க்கும் திராவகம் அவற்றின் இடைவெளிகளிலுள்ள செம்பை மட்டும் அரிக்கும். வெளிறிய வானத்துக்குரிய பகுதியை விரைவில் வார்னிஷால் மூடி, இருண்ட பாறைக்குரியதை நெடுநேரம் அரிக்கவிடுவதாலேயே ஒரே மையில் ஒளியும் நிழலும் தரந்தரமாகப் பிறக்கின்றன. ஆகவே கண்ணாடியின் கீழ், ஒன்றைப்போல் ஒன்றில்லாத வெண் திட்டுகளைச் சூழ்ந்து மை வலைபோல் ஓடும். பிற்காலப் புகைப்பட அச்சிலோ புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும்.

கந்தல் கூழில் செய்த அக்காலத்துக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் காகிதம் செய்தவரின் பெயரான ‘வாட்மன்’ என்ற நீர்க்குறியும், சில வேளை ஆண்டும் தெரியும். அவ்வாண்டு பதிப்பாண்டுக்கு வெகுவாகப் பிந்தியதாயின், அது மறு அச்சே.

கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சை பற்றி எழும் பழுப்புப் புள்ளிகள் விலையைக் குறைப்பது மெய்தான். எனினும் அவற்றை வெளுக்கும் காரத்தால் போக்க முயல்வது அதனினும் கேடு, ஏனெனில் கையால் தீட்டிய வண்ணமும் உடன் போய்விடும்.