கடம்பூர் மாளிகை எங்கே?

கீரப்பாளையத்துச் சகோதரிகளுக்குப் 'பொன்னியின் செல்வன்' படம் பார்ப்பதில் ஒரு தனிப் பெருமை. இருக்காதா பின்னே? தென்மேற்கே சற்றுத் தூரம் போனால் வீராணம் ஏரி! கல்கியின் கதையில் ஆடிப் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை அதுதானே! கடம்பூரும் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கந்தான்.

2022-லும் 2023-லுமாக இரண்டு பாகங்களில் மணிரத்னம் தந்த அந்தப் படத்தில், கடம்பூர் மாளிகையின் தீவட்டி வெளிச்சமும் தேவராளன் ஆட்டமும் கண்ணை விட்டு அகல மறுக்கின்றன. முதல் பாகத்தைப் படம் பிடித்த ரவி வர்மனுக்குத் தேசிய விருதே கிடைத்தது.

ஆனால் ஒரு சங்கதி. கோட்டைக் காட்சிகள் சிலவற்றை எங்கே எடுத்தார்கள், தெரியுமோ? மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவிலும் குவாலியரிலும்! ஓர்ச்சாக் கோட்டையோ ராஜராஜனுக்கு ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டது. வேறு வழி? சோழ மன்னர்கள் சுவாமிக்குக் கல்லால் கட்டினார்கள்; தங்களுக்குச் செங்கல்லும் மரமும் போதுமென்று விட்டுவிட்டார்கள். கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் இன்று அடித்தளச் சுவர்கள்தான் மிச்சம்.

ஆகவே கலை இயக்குநர் தோட்டா தரணி அரண்மனைகளைக் கற்பனையில் எழுப்ப வேண்டியதாயிற்று. நகைக்கும் கொண்டைக்கும் அந்தக் கஷ்டமில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளே அதற்குச் சாட்சி. எனக்கென்னவோ, மாளிகையைவிடக் குந்தவையின் கொண்டைதான் மனத்தில் நிற்கிறது!

அசல் கடம்பூர் பார்க்க ஆசையா? மேலக்கடம்பூருக்குப் போய் வாருங்கள். முதற்குலோத்துங்கன் காலத்துக் கோயில், சக்கரம் வைத்த கல் தேராகவே நிற்கிறது. 'செட்'டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.