லொறிக் கிளச்சும் காற்றுக் குமிழியும்

புத்தூரின் செம்மண் தோட்டங்களில் விளையும் வெங்காயமும் வாழைக்குலையும் சந்தையை அடைவது லொறிகளின் தயவால். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் தொடங்கும்வரை, புதியது வாங்க வழியற்றோர் பழைய லொறிகளையே திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. கிளச் மாற்றும் வேலையைக் கராஜுக்குக் கொண்டுபோகாது வீட்டு முற்றத்திலேயே முடித்துக்கொள்வாரும் உளர்.

வேலை முடிந்தது, இயந்திரம் இயங்குகிறது, ஆயின் மிதியை அடிமட்டும் அழுத்தினும் கியர் விழாது கறகறக்கிறது. நிறுத்திய இயந்திரத்தில் இலகுவாக விழும் கியர், ஓடும் இயந்திரத்தில் மறுக்குமாயின், கிளச் விடுபடவில்லை என்பது தெளிவு. கியர்ப்பெட்டியை மீண்டும் இறக்குவதோ ஒரு நாள் வேலை. வெட்டிய வாழைக்குலை அதுவரை காத்திராது.

இவ்விடத்தில் பதற்றம் ஆகாது. பழுது இருப்பது எண்ணெய் வழியிலா, கிளச்சின் உள்ளேயா என்று முதலில் பிரித்தறியவேண்டும். மிதியை அழுத்தும்போது மேலுள்ள தலைமை உருளை, குழாய் வழியே எண்ணெயைக் கீழுள்ள சிற்றுருளைக்குத் தள்ளுகிறது. அதன் கோல் கவையை நகர்த்திக் கிளச்சை விடுவிக்கிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் ஒரே அளவாய்ப் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் விளக்கிய விதி. அவர் நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663இல் வெளிவந்தது. கீழுருளையின் பரப்பு மேலதைப்போல் இரு மடங்காயின் விசையும் இரு மடங்காகும். நகரும் தூரமோ பாதியாகும். ஆதலால் இங்கே தூரத்தில் சிறிது இழப்பும் பெருங்குறையே.

ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் சிற்றுருளைக் கோல் எவ்வளவு நகர்கிறதென அளந்து, அந்த வாகனத்துக்குக் குறித்த அளவோடு ஒப்பிடட்டும். இதற்குமுன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, கியரை நடுநிலையில் விடவேண்டும். இயந்திரம் ஓடும்போது எவரும் அடியிற் படுத்தல் கூடாது.

கோல் குறைவாக நகர்ந்து, மிதியும் பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால், குழாயில் காற்று நிற்கிறது. திரவம் சுருங்காது, காற்றோ சுருங்கிவிடும். எனவே மிதியின் உழைப்பு குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிறது. காற்று நீக்கும் சிறு திருகாணியில் கண்ணாடிபோன்ற குழாயைச் செருகி, மறுமுனையை எண்ணெய்ப் போத்தலுள் அமிழ்த்துக. மிதி அழுத்தப்படும்போது திருகாணியைத் திறந்து, மிதி மேலெழுமுன் மூடவேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை இதனைத் தொடரலாம். மேற்கலம் வற்றினால் புதுக்காற்று புகுந்து முழு வேலையும் வீணாகும். சிற்றுருளையின் திருகாணி உச்சியில் இல்லாவிடில் காற்று மூலையில் ஒளிந்துகொள்ளும். உருளையைக் கழற்றி, கோல் வெளியே பாயாதவாறு பிடித்து, திருகாணி மேலிருக்குமாறு சரித்தல் நலம்.

காற்று நீங்கியும் மிதி மெல்லத் தாழுமாயின், தலைமை உருளையின் றப்பர் தேய்ந்து எண்ணெய் உள்ளே பின்வாங்குகிறது. கலத்தில் இயந்திர எண்ணெயை ஊற்றுவார் செய்யும் தீங்கும் சிறிதன்று: பிரேக் எண்ணெய்க்கென அமைந்த றப்பர் அதில் ஊதிப் பழுதாகும். வாகனத்துக்குக் குறித்த எண்ணெய் எதுவோ, அதுவே ஏற்றது.

மிதிக்கும் தலைமை உருளைக்கும் இடையே சிறிது தளர்ச்சி வேண்டுமென்பதைப் பலர் மறப்பர். கோலை இறுக்கமாய் வைத்தால் எண்ணெய் கலத்துக்குத் திரும்பும் துவாரம் மூடியே நிற்கும். எண்ணெய் சூடேறி விரிய, கிளச் மெல்ல வழுக்கத் தொடங்கும். புதுப்பிளேட் விரைவிற் கருகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோல் உரிய தூரம் நகர்ந்தும் கிளச் விடுபடாதபோதுதான் கியர்ப்பெட்டியை இறக்கும் தேவை எழும். பிளேட் முன்பின் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். பொருத்தும்போது கியர்ப்பெட்டியின் பாரம் பிளேட்டில் தொங்கி அதை வளைத்திருக்கலாம். அச்சுப்பற்களில் பூசிய கிறீஸ் மிகுந்து பிளேட்டின் முகத்திற் படிந்து ஒட்டியிருக்கலாம். இரண்டாம் முறை ஏற்றும்போது பிளேட்டை நடுநிறுத்தும் கோலும், பாரம் தாங்கும் ஜாக்கும் கையிலிருக்கட்டும்.