உஷார்! ‘பக்கவிளைவே கிடையாது’ என்று போட்டிருந்தால் இன்னும் உஷார்!

மூட்டுவலிக்கு ஒரு பொடி கூரியரில் வருகிறது. டப்பாவில் பச்சை இலைப் படம், ‘முழுக்க முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது’ என்ற வாசகம். தயாரித்தவர் முகவரி இல்லை, செல்போன் எண் மட்டும் இருக்கிறது. வருஷக்கணக்கில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறிய அம்மா மூன்றாம் நாளே விறுவிறுவென்று மாடிக்குப் போகிறார். நன்றாகப் பசிக்கிறது, உடம்பில் தெம்பு கூடுகிறது. வீடே அந்தப் பொடியைக் கொண்டாடுகிறது. பக்கத்து வீட்டுக்கும் அந்த செல்போன் எண் போய்ச் சேர்கிறது.

சந்தேகப்பட வேண்டியது இந்த இடத்தில்தான். தேய்ந்த மூட்டு மூன்று நாளில் பறக்கிறது என்றால் அங்கே வேலை செய்வது பெரும்பாலும் ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்றவற்றை அரைத்துக் கலந்து, மூலிகைப் பொடி என்று விற்பது நம் நாட்டு மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் மோசடி. சில மாதங்களில் அம்மாவின் முகம் வட்டமாக உப்பும். வயிறு பருக்கும், கை கால் சூம்பும். லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போகும். சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை வரும், இருப்பவருக்கு எகிறும். எலும்பு சத்தமில்லாமல் பலமிழந்து, ஒருநாள் குளியலறையில் லேசாக வழுக்கினாலே இடுப்பு முறியும்.

விஷயம் தெரிந்ததும் பயந்துபோய் பொடியை ஒரே நாளில் தூக்கி எறிவதும் ஆபத்து. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால், அதை இயல்பாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே உலை வைக்கும். டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். எவ்வளவு, எப்படிக் குறைப்பது என்பதை அவர் சொல்லட்டும்.

கலப்படமே இல்லாத அசல் மூலிகையாக இருந்தால் பயமில்லையா? கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று நாடு முழுக்கச் சீந்தில் கொடியைக் கசாயம் வைத்துக் குடித்தார்கள். 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததைப் பதிவு செய்தார்கள். அது சீந்திலே இல்லாமல், அதே ஜாடையில் இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த ஆண்டு 13 மருத்துவமனைகளிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய் உள்ளே மறைந்திருந்தவர்களுக்கு, சீந்தில் அதைத் தூண்டிவிட்டிருக்கலாம் என்பது அந்த மருத்துவர்களின் கணிப்பு. அமைச்சகம் இன்றும் சீந்திலைப் பாதுகாப்பானது என்றே சொல்கிறது. அது ஜாடைக் கொடிதான் என்றே வைத்துக்கொண்டாலும் என் பயம் குறையவில்லை. பொடியாக இடித்து டப்பாவில் அடைத்தபின் எது எந்தக் கொடி என்று நீங்களும் நானும் எப்படிக் கண்டுபிடிப்பது?

மஞ்சளைப் பாருங்கள். ரசத்திலும் குழம்பிலும் சேரும் மஞ்சளால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதிலுள்ள குர்குமின் மிகக் குறைவு, அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். மிளகிலிருக்கும் பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் பல மடங்கு அதிகமாக ரத்தத்தில் ஏறும் என்று 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று விற்கும் மஞ்சள் கேப்சூல்கள் பலவற்றில் செறிவூட்டிய குர்குமினும் பைப்பரினும் சேர்ந்தே இருக்கின்றன. விளைவு? இத்தாலியில் 2019-ல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்துக் கல்லீரல் அழற்சி வந்தது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. ‘பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம்’ என்பார்கள். பாட்டி சாப்பிட்டது சமையல் மஞ்சள். இந்தக் கேப்சூலை எந்தப் பாட்டியும் கண்ணால் பார்த்ததில்லை.

பெல்ஜியத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களில் நூறு பேருக்கும் மேல் சிறுநீரகம் பழுதானது. பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்று போனது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக இன்னொன்று இடம் மாறி வந்துவிட்டதுதான் காரணம். அந்த இன்னொன்றில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கும் நஞ்சு. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே குடும்பம். யாரோ வீடியோவில் சொன்னார் என்று அந்த வேரையோ இலையையோ வாங்கி அரைத்துக் குடிக்காதீர்கள், தயவுசெய்து!

இதையெல்லாம் சொன்னால், ‘இங்கிலீஷ் மருந்து மட்டும் யோக்கியமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்று சிறுநீரகம் கெட்டவர்கள் ஏராளம். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் செயலிழக்கும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. மருந்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டை எத்திலீன் கிளைக்கால், தமிழக ஆய்வகச் சோதனையில் 48.6 சதவீதம் இருந்தது. கண்காணிக்க வேண்டியவர்கள் தூங்கினால் எந்த மருந்தும் விஷமாகும். ஆனால் அந்தப் பாட்டிலில் பேட்ச் எண் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆலை வரை போக முடிந்தது, விற்பனையை நிறுத்த முடிந்தது. கூரியரில் வந்த பொடியை எதை வைத்துத் தேடுவது?

பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த, ஆயுர்வேத மருத்துவர் நாடி பார்த்து, இத்தனை நாள், இந்தப் பத்தியம் என்று சொல்லித் தரும் மருந்தோடு எனக்குச் சண்டை இல்லை. நாமே ஆர்டர் போட்டு, நாமே அளவு வைத்து, யாரிடமும் சொல்லாமல் சாப்பிடுகிறோமே, அதுதான் பயமுறுத்துகிறது.

அந்த ‘யாரிடமும் சொல்லாமல்’ என்பதில்தான் உயிர் போகிறது. “என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று டாக்டர் கேட்டால் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை என்று ஒப்பிப்போம். காலையில் குடிக்கும் கசாயம் வாயில் வராது. இதயத்தில் வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க ஆசிட்ரோம் போடுபவர் பூண்டுக் கேப்சூலோ குர்குமினோ சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். சர்க்கரைக்குக் கிளிமிப்பிரைடு போடுபவர் சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிட்டுவிட்டு வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கலாம். தொண்டைக்கு இதமான அதிமதுரத்தை நாள்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். நீர் பிரிய மாத்திரை போடும் இதய நோயாளிக்கு அது இரட்டை அடி. ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் மயக்க மருத்துவரிடம் ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள்.

டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்திவிட்டுப் பொடி கொடுக்கச் சொல்பவரிடமிருந்து ஓடி வந்துவிடுங்கள். இன்சுலின் இல்லாமல் ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறிக் குழந்தை மயங்கிவிடும். சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வீட்டில் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மட்டும் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது உணவு. ஊட்டச்சத்துத் தயாரிப்புகளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் நோயைச் சொல்லி விற்றுவிட்டுப் பின்பக்கம் பொடி எழுத்தில் இதைப் போட்டிருப்பார்கள். ஆயுர்வேத, சித்த மருந்து என்றால் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாததைப் புதிதாக வாயில் வைக்காதீர்கள்; மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்திருந்தால், முன்பே சொன்னபடி டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறதா, கண் மஞ்சளாகத் தெரிகிறதா, உடம்பெல்லாம் அரிக்கிறதா, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறதா? அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்க் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சாப்பிட்ட பொடி, லேகியம், கேப்சூல் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டால் எதில் என்ன இருந்தது என்று சோதிக்க வழியில்லை. எந்த மருந்தால் பாதிப்பு வந்தாலும், 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே தெரிவிக்கலாம்.