ஒளிப்படமும் ஓவியமும்

உள்ளதை உள்ளவாறே காட்டுவதுதான் ஓவியனின் தலையாய திறம் என்று மேனாட்டார் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை அசைத்தது 1839-ஆம் ஆண்டு. பிரெஞ்சு நாட்டினரான தாகேர் கண்ட ஒளிப்பட முறை அவ்வாண்டில் பாரிஸ் நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியிற் காட்டி, இருட்பெட்டியுள் வைத்து, ஒளியை அதன்மீது விழச்செய்து, பின்னர்ப் பாதரச ஆவியிற் பிடித்தால், எதிரே இருந்த காட்சி நுணுக்கம் குறையாமல் தகட்டில் தோன்றியது. வண்ணம் தீட்டாத ஓவியத்தைப் பழந்தமிழர் 'புனையா ஓவியம்' என்றனர். இதுவும் அத்தகையதே, ஆயின் இதனை வரைந்தது கை அன்று, கதிரவன்! முகவுருவம் தீட்டிப் பிழைத்த ஓவியர் பலர் சில ஆண்டுகளிலேயே தொழிலிழந்தனர். சிலர் ஒளிப்படக் கருவியையே கையில் எடுத்துக்கொண்டனர்.

அதனினும் பெரிய சோதனை 1878-இல் வந்தது. விரைந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே கணத்தில் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்பது அந்நாளில் தீராத ஐயமாக இருந்தது. கண்ணாற் கண்டு அதனைத் துணிதல் இயலாது. கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையின் ஓரமாக 12 கருவிகளை வரிசையாக நிறுத்தினார். குறுக்கே கட்டிய இழைகளை அறுத்துக்கொண்டு குதிரை ஓட, ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு கருவியின் கண்ணைத் திறந்து மூடியது. நான்கு கால்களும் எழுவது உண்மையே என்று படங்கள் காட்டின. ஆயின், கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அன்று. நான்கும் வயிற்றின்கீழ் மடங்கிக் குவியும்போதே அது நிகழ்கிறது.

பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் தீட்டிய எப்சம் பந்தய ஓவியத்தில் குதிரைகள் கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கின்றன. பொறியின் சான்றுப்படி அது பிழை. பிழையானமையால் அவ்வோவியம் அழகிழந்துவிட்டதா?

இழக்கவில்லை என்றார் சிற்பி ரோடின். 1911-இல் வெளிவந்த உரையாடல் நூலொன்றில் அவர் ஜெரிக்கோவின் சார்பாகவே வாதாடினார். காண்பவர் விழி குதிரையின் பின்புறத்திலிருந்து முன்புறம் செல்லுகையில், பின்னங்கால்கள் உந்துவதும், உடல் நீள்வதும், முன்னங்கால்கள் பாய்வதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. காலம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனை நிறுத்திக் காட்டும் ஒளிப்படமே பொய்யுரைக்கிறது என்பது அவர் கருத்து. இக்கூற்றிற் சிறிது மிகை உண்டு. ஏனெனில், அதே படங்களைப் பார்த்துக் கற்றுத் தம் குதிரைகளை வரைந்த தெகாவும் சிறந்த ஓவியரே. எனினும், அளவிற் பிழையாமை வேறு, அழகு வேறு என்பதை ரோடின் நன்கு கண்டார்.

இதற்கு முன்னரே, உருவ ஒப்புமையைப் பொறிக்கு விட்டுவிட்டு, நீரில் நடுங்கும் வெயிலையும் பனியில் மங்கும் துறைமுகத்தையும் நாடிச் சென்ற ஓவியரும் இருந்தனர். குழாயில் அடைத்த வண்ணம் 1841 முதல் கிடைத்தமையால் வெட்டவெளியில் இருந்தே வரைவது அவர்களுக்கு எளிதாயிற்று. மோனே முதலிய அவ்வோவியர்கள் 1874-இல் பாரிஸில் தம் முதற் கண்காட்சியை நடத்தி, ஏளனத்துக்கும் ஆளாயினர். அது நடந்த இடம் எது? நாதார் என்னும் ஒளிப்படக்காரர் முன்பு தொழில் நடத்திய கூடம்!

ஒளிப்படந்தான் கலையாகுமா என்னும் வினா 1884-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. சரோனி என்பவர் எடுத்த ஆஸ்கார் வைல்டின் படத்தைப் பிறர் படியெடுத்து விற்றனர். வைல்டு அமர்ந்த நிலை, உடை, ஒளி, நிழல் ஆகிய அனைத்தையும் எண்ணி அமைத்தவர் சரோனியே ஆதலின், படம் அவர் படைப்பே என்று மன்றம் தீர்த்தது.

அவ்வினா இன்று வேறுருவில் மீண்டுள்ளது. சொற்களைக் கேட்டுப் படம் ஆக்கும் கணிப்பொறியைக் கொண்டு ஒருவர் உருவாக்கிய படம், 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பொருட்காட்சியில் கணினிக்கலைப் பிரிவின் முதற்பரிசு பெற்றது. ஓவியர் பலர் சினந்தனர். அப்படத்துக்காகக் குறைந்தது 624 முறை பொறிக்குச் சொல்லிச் சொல்லித் திருத்தியதாக அவர் கூறினார். ஆயினும், பொறி ஆக்கிய பகுதி மனிதர் படைப்பாகாது என்று 2023-இல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் பதிவை மறுத்தது. சரோனி ஒளியை அமைத்தது போன்றதே தாம் சொற்களை அமைத்ததும் என்று கருதிய அவர், 2024-இல் வழக்குத் தொடுத்தார்.