மலையோடு பழகுதல்

பனி மூடிய மலைச்சரிவிலே, நீண்ட பலகைகள் இரண்டைக் கால்களிற் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்குவது குளிர்நாட்டாருக்கு உவப்பான விளையாட்டு. இந்தியாவிலும் காசுமீரத்துக் குல்மார்க்கில் இது நடைபெறுகின்றது. இதன் இன்பம் வேகத்தில் மட்டும் இல்லை. பனி எங்கே இளகியுள்ளது, எங்கே இறுகி வழுக்குகின்றது, எந்தச் சரிவிற் பெயர்ந்து விழக்கூடும் என்பனவற்றைச் சறுக்குவோர் தம் கால்களாலேயே கற்கின்றனர். பலமுறை ஏறி இறங்கியவருக்கே மலை பழக்கமாகின்றது.

பனிமலை இல்லாத இலங்கையில் இத்தகைய இன்பத்துக்கு வழியுண்டா? உண்டு. வானந் தெளிந்த மார்கழி, தை மாதத்து விடியற்பொழுதில், பாமன்கடையில் உயர்ந்த மாடியொன்றில் நின்று கிழக்கே நோக்குபவருக்குச் சில வேளைகளில் நீலக் கூம்பொன்று தோன்றும். ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தொலைவில் நிற்கும் சிவனொளிபாதமலை அது. அதன் உயரம் 2,243 மீற்றர். 2,524 மீற்றர் உயர்ந்த பிதுருதலாகலையே இலங்கையின் மலைகளுள் முதன்மையானது. ஆயினும், தனித்தெழுந்த கூரிய வடிவினாற் பண்டைக் கடலோடிகளின் கண்ணுக்கு முதலில் தென்பட்டது சிவனொளிபாதமே. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா இம்மலையில் ஏறி, பாறைகளிற் பிணித்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதிவைத்தார். உச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தருடையது என்பர். முஸ்லிம்கள் ஆதி மனிதர் ஆதமுடையது என்பர்.

மார்கழிப் பூரணையில் தொடங்கும் யாத்திரைக் காலம் வைகாசிப் பூரணையோடு முடிகின்றது. அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும் மலையைச் சூழ்ந்துகொள்ளும். அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்வோர், நள்ளிரவை அண்டி ஏறத் தொடங்குவர். படிகள் 5,000க்கு மேற்பட்டவை. முதலில் தேயிலைத் தோட்டம். பின்னர் அடர்ந்த காடு. மேலே செல்லச் செல்ல, காற்றினாற் குறுகி முறுகிப் பாசி போர்த்த மரங்கள். இருளில் இவை புலப்படுவது அரிது. ஏறுபவர் அறிவதெல்லாம் தம் மூச்சையும் முன்னே செல்பவரின் குதிகாலையுமே.

ஞாயிறு எழும்போது மலையின் நிழல் மேற்றிசை மூடுபனியின்மீது பெரிய முக்கோணமாய் விழுகின்றது. நேரான தண்டவாளங்கள் தொலைவிற் கூடுவனபோலத் தோன்றுவதைப் போன்று, நெடுந்தூரம் நீளும் நிழலும் கண்ணுக்குக் குவிந்து தோன்றுவதே இதற்குக் காரணம். மாசி மாதத்தின் பிற்பகுதியில் அந்நிழல் ஏறக்குறையக் கொழும்புத் திசையை நோக்கியே நீளும். கதிரவன் உயர உயர அது சுருங்கி, மலையடியில் ஒடுங்கிவிடும்.

இனி இறக்கம். மூச்சுக்கு ஓய்வு கிடைக்கின்றது. வேலை முழங்கால்களுக்கு வந்துசேர்கின்றது. எந்தப் படி உயரமானது, எந்தக் கல் ஈரமானது, எவ்விடத்தில் உடலைச் சற்றே பின்சாய்க்க வேண்டும் என்பதை ஒவ்வோர் அடியும் கற்பிக்கின்றது. பனியிற் சறுக்குபவர் பெறும் அறிவும் இதுவே. இரவில் மறைந்திருந்த காடும் ஓடையும் இப்பொழுதுதான் கண்ணுக்குப் புலனாகின்றன.

அவ்வோடைகள் சிறியனவல்ல. இம்மலைத்தொடரிலேயே களனி கங்கையும் களு கங்கையும் ஊற்றெடுக்கின்றன. பாசி படர்ந்த காடு மூடுபனியின் ஈரத்தைப் பற்றிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றது. கொழும்பு மாநகரின் குடிநீரில் பெரும்பங்கு களனி கங்கையின் நீரே. ஆகவே, படியோரத்தில் பொலித்தீன் பையை வீசிச் செல்பவர், தம் வீட்டுக் குழாய்நீர் பிறக்குமிடத்திலேயே குப்பை போடுகின்றார். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்காட்டை உலக மரபுரிமைச் சொத்துக்களுட் சேர்த்தது. எனினும் அதனைக் காக்கும் பொறுப்பு நாள்தோறும் ஏறி இறங்குவோருடையது.

உச்சியிலே ஒரு மணி தொங்குகின்றது. முதன்முறை ஏறியவர் அதனை ஒரு தடவை அடிப்பார். பத்தாம் முறை ஏறியவர் பத்துத் தடவை அடிப்பார். ஒரு முறை கண்டதோடு மலை முழுவதும் விளங்கிவிடாது என்பதை அம்மணியோசை ஏறுவோருக்கெல்லாம் உணர்த்திக்கொண்டிருக்கின்றது.