முடிக்கத் தெரிந்த கதைகள்

நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிய பெண் சோல் நகரத் தெருவில் ஒருவனைப் பார்த்து அப்படியே நின்றுவிடுகிறாள். பத்து வருடத்துக்கு முன்னால் விபத்தில் செத்துப்போனதாகச் சொன்ன அவளுடைய பள்ளிக்கூடத்துக் காதலனின் முகம் அது. கூட்டத்துக்குள் அவனைத் தேடி ஓடுகிறாள். நிச்சயதார்த்தம் நடக்கும் இடத்தில் உறவுக்காரர்கள் எல்லாம் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். அவன் சாகவில்லை. பழைய நினைவெல்லாம் அழிந்து, வேறு பெயரில் வேறு ஆளாக வாழ்ந்துகொண்டிருக்கிறான். 2002-ல் தென்கொரியாவின் கேபிஎஸ் சேனலில் வந்த ‘விண்டர் சொனாட்டா’ சூடுபிடிக்கும் இடம் இது.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவன் உண்டு. 1965 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொடரில், 1986-ல் நினைவு தப்பிய ஒரு மர்ம ஆள் வருகிறான். இறந்துபோன போலீஸ்காரர் ரோமன் பிரேடிதான் முகம் மாறி வந்திருக்கிறார் என்று ஊரே நம்புகிறது. ரோமனின் மனைவி மார்லீனாவும் நம்பி அவனையே மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறாள். 1991-ல் நிஜமான ரோமன் உயிரோடு திரும்பி வருகிறார். அப்படியென்றால் இத்தனை நாள் கூட இருந்தவன் யார்? ஒருமுறை பணக்கார வீட்டுப் பிள்ளை என்றார்கள், இன்னொரு முறை முன்னாள் பாதிரியார் என்றார்கள். விடை பல வருடங்களுக்கு மாறிக்கொண்டே போனது.

இரண்டு நாட்டுத் தொடர்களும் ஒரே சரக்கை வைத்துத்தான் கடை நடத்துகின்றன. விபத்து, மறதி, பிறப்பு ரகசியம், பணக்கார மாமியார், குறுக்கே நிற்கும் இன்னொருத்தி. விண்டர் சொனாட்டாவில் காதலர்கள் அண்ணன் தங்கையாக இருப்பார்களோ என்ற பயங்கரச் சந்தேகம்கூட வருகிறது. அப்படியிருந்தும், அமெரிக்க சோப் ஓபராவைப் பார்த்து வளர்ந்த எத்தனையோ பேர் கொரியத் தொடர் பக்கம் போய்விட்டுத் திரும்பவே இல்லை. அழகான முகம், அழகான உடை, கலப்படமில்லாத காதல் என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் வேர் வேறொன்று என்று நினைக்கிறேன். விண்டர் சொனாட்டா 20 எபிசோடில் முடிந்துவிட்டது.

அமெரிக்க சோப் ஓபரா முடிவதற்காகப் பிறந்ததே இல்லை. 1930-ல் சிகாகோவின் டபிள்யூஜிஎன் வானொலியில் இர்னா பிலிப்ஸ் என்ற முன்னாள் ஆசிரியை ‘பெயின்டட் டிரீம்ஸ்’ என்ற தினசரி நாடகத்தைத் தொடங்கினார். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். பகலில் வீட்டில் இருந்த பெண்கள்தான் நேயர்கள். சோப்புக் கம்பெனிகள் இதைக் கவனித்தன. 1933-ல் புராக்டர் அண்ட் கேம்பிள் தன் ஆக்ஸிடால் சலவைத்தூளுக்காக ‘மா பெர்கின்ஸ்’ நாடகத்தை நடத்தியது. சோப் ஓபரா என்ற பெயருக்கே அந்த விளம்பரங்கள்தான் காரணம். நாளைக்கும் அதே நேரத்துக்கு அந்தப் பெண் வானொலியைத் திருப்ப வேண்டும், நாளன்றைக்கும் திருப்ப வேண்டும். பிலிப்ஸ் உருவாக்கிய ‘கைடிங் லைட்’ 1937-ல் வானொலியில் பிறந்து, 1952-ல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009-ல்தான் நின்றது. 72 வருடம் ஓடிய கதை.

முடியக் கூடாத கதையில் சந்தோஷத்துக்கு இடமில்லை. ஒரு ஜோடி சேர்ந்து நிம்மதியாகக் குடித்தனம் நடத்தினால் திங்கட்கிழமைக்கு எழுத ஒன்றும் இருக்காது. அதனால் கல்யாணம் முறிய வேண்டும், பழைய மனைவி உயிரோடு வர வேண்டும், செத்தவர் எழுந்து வர வேண்டும். 1981 நவம்பரில் ‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ தொடரில் லூக், லாரா கல்யாணத்தை ஏறத்தாழ 3 கோடிப் பேர் பார்த்தார்கள். அமெரிக்கப் பகல் நேரத் தொடர் வரலாற்றில் அதற்கு மேல் கூட்டம் சேர்ந்ததில்லை. அந்த ஜோடியும் பிரிந்தது, சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. இருபது வருடம் பார்த்த ஒருவருக்கு எந்தக் கல்யாணத்திலும் முழுசாகச் சந்தோஷப்பட மனம் வராது. யாருடைய சாவுக்கும் முழுசாக அழவும் வராது.

கொரியாவின் வழக்கமான மினி தொடருக்கு 16 எபிசோட், சிலவற்றுக்கு 20. திங்கள் செவ்வாய், புதன் வியாழன், சனி ஞாயிறு என்று வாரத்துக்கு இரண்டு ராத்திரி. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், விளம்பரம் போக, ஓர் அமெரிக்க சோப் ஓபராவின் ஆறு வார ஓட்டத்துக்குத்தான் வரும். அந்த ஆறு வாரத்தில் அங்கே ஒரு ரகசியம் பாதி கூட வெளியே வந்திருக்காது. இங்கே இரண்டு பேர் சந்தித்து, வெறுத்து, விரும்பி, பிரிந்து, மாறி, ஒரு இடத்தில் வந்து நின்றிருப்பார்கள்.

முடிவு இருப்பதால் சின்ன விஷயத்துக்கும் எடை கூடுகிறது. எட்டாவது எபிசோடில் ஒருவன் முதல்முறையாகக் குடையைச் சாய்த்து அவள் பக்கம் பிடிக்கிறான், அவன் தோள் நனைகிறது. அதற்கு முன்னால் ஏழு எபிசோட் காத்திருந்த பார்வையாளருக்கு அந்த நனைந்த தோள் போதும். இன்னும் எட்டு எபிசோட்தான் மிச்சம் என்று தெரிவதால் அந்தக் கணத்தை யாரும் அலட்சியமாக விட்டுவிடுவதில்லை.

எழுதுகிறவர் விஷயத்திலும் இதே கதைதான். அமெரிக்க சோப் ஓபராவில் தலைமை எழுத்தாளர் பல மாதக் கதையின் போக்கைத் தீர்மானிப்பார். அதை ஒவ்வொரு நாளைக்கும் பிரித்து எழுத ஒரு குழு, வசனத்துக்கு இன்னொரு குழு. சில வருடத்தில் தலைமை எழுத்தாளர் மாறுவார், பாத்திரங்களின் குணமும் கூடவே மாறும். நடிகர் விலகினால் வேறு முகம் வந்துவிடும். கொரியாவில் பெரும்பாலும் ஒரே எழுத்தாளர் முதல் காட்சியிலிருந்து கடைசி வரை எழுதுகிறார். ‘டிசெண்டன்ட்ஸ் ஆஃப் தி சன்’ தொடரை இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கிம் உன்-சுக், ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ எழுதிய பாக் ஜி-உன் போன்றவர்களின் பெயருக்காகவே அங்கே மக்கள் தொடர் பார்க்கிறார்கள். நாவலாசிரியருக்கு உள்ள மரியாதை அது. முதல் எபிசோடில் சும்மா மேஜைமேல் இருந்த ஒரு பொருள் பதினைந்தாவது எபிசோடில் கண்ணீரை வரவழைக்கிறதென்றால், அதை அங்கே வைத்த கையும் எடுத்த கையும் ஒன்றாக இருப்பதுதான் காரணம்.

இன்னொரு வித்தியாசம் காதுக்கும் கண்ணுக்கும் உள்ளது. சோப் ஓபரா வானொலியில் பிறந்தது. துணி தேய்த்துக்கொண்டே, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்பதற்கு ஏற்ற வடிவம். நேற்று பார்க்காதவருக்கும் புரிய வேண்டும் என்று, நடந்ததை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் உட்கார்ந்து சொல்லும், அதை அவர் மூன்றாமவரிடம் சொல்வார். காட்சியெல்லாம் வரவேற்பறை, ஆஸ்பத்திரி வராந்தா, சாப்பாட்டுக் கடை. ஒரே ஸ்டுடியோவில் பல கேமராவை வைத்து ஒரு நாளைக்கு ஓர் எபிசோடோ அதற்கும் அதிகமாகவோ எடுத்தாக வேண்டிய கட்டாயம் அது. கொரியத் தொடர் கண்ணைக் கேட்கிறது. நாமி தீவின் மர வரிசை, பனி, மொட்டைமாடி வீடு, ராத்திரி தெருவோரக் கூடாரக் கடை. பேசாமல் ஒரு நிமிடம் நடப்பார்கள், பாட்டு மட்டும் ஓடும். கொரிய மொழி தெரியாத அமெரிக்கர் சப்டைட்டிலைப் படித்தாக வேண்டியிருப்பதால் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்கார முடியும். அப்படி உட்கார்ந்து பார்த்த எதுவும் மனதில் ஆழமாகத்தான் இறங்கும்.

அந்தச் சப்டைட்டில் அமெரிக்கர்களுக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. ஹொனலுலுவில் கேபிஎஃப்டி என்ற உள்ளூர் சேனல் ஆங்கில வரிகளோடு கொரியத் தொடர்களைக் காட்டி, கொரியர் அல்லாதவர்களையும் பிடித்துவைத்தது. 2007-ல் தொடங்கிய விக்கி இணையதளத்தில் ரசிகர்களே சம்பளம் இல்லாமல் மொழிபெயர்த்துப் போட்டார்கள். 2009-ல் வந்த டிராமாஃபீவர் 2018-ல் மூடப்படும்வரை ஒரு தலைமுறைக்கு வாசலாக இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் பிறகுதான் பெரிய அளவில் இறங்கியது. 2023-ல் கொரியப் படைப்புகளுக்கு நான்கு ஆண்டுகளில் 250 கோடி டாலர் செலவிடப்போவதாக அறிவித்தது.

ஆங்கில சப்டைட்டிலில் காணாமல்போகும் ஒன்று தமிழருக்குச் சட்டென்று பிடிபடும். கொரிய மொழியில் மரியாதைப் பேச்சு வேறு, நெருக்கப் பேச்சு வேறு, வினைச்சொல்லின் வாலே மாறும். ஒருநாள் தயங்கித் தயங்கி, ‘இனிமேல் சகஜமாகப் பேசிக்கலாமா’ என்று ஒருவர் கேட்பார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், காட்சி சப்பென்று கடந்துபோகும். ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆகிற அந்த நொடியில் எவ்வளவு நடக்கிறது என்று நமக்குத் தெரியும். அப்பாவை அவர்களும் ‘அப்பா’ என்றே கூப்பிடுகிறார்கள், அம்மாவை ‘ஒம்மா’ என்கிறார்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வீடுகள் அவை. புதுயுகம் தொலைக்காட்சி தமிழில் குரல் மாற்றிப் போட்ட கொரியத் தொடர்களை நம் பிள்ளைகள் அந்நியமாக நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

குடும்பம் என்று வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2015-16-ல் டிவிஎன் சேனலில் வந்த ‘ரிப்ளை 1988’. சோலின் சாங்முன்-தோங் பகுதியில் ஒரு சந்து, ஐந்து வீடு. முதல் எபிசோடில் சாப்பாட்டு நேரம். ஓர் அம்மா கிண்ணத்தில் கறியைப் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறாள். அந்த வீட்டு அம்மா கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தர மனமில்லாமல் வேறொன்றை வைத்து அனுப்புகிறாள். கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்கப் பிள்ளைகள் கிண்ணமும் கையுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்கள். கடைசியில் ஒவ்வொரு வீட்டு மேஜையிலும் அக்கம்பக்கத்து வீட்டுச் சமையலும் இருக்கிறது. கதையை இந்தக் காட்சி ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. ஆனால் அந்தச் சந்தில் யார் வசதி, யார் கஷ்டம், யாருக்கு அம்மா இல்லை என்பதெல்லாம் அந்தக் கிண்ணங்களிலேயே தெரிந்துவிடுகிறது.

அதே எபிசோடில் அந்தச் சந்தின் ஒரு வீட்டு நடுப்பிள்ளை தொக்-சன், தன் பிறந்தநாளையும் அக்காவின் பிறந்தநாளோடு ஒரே கேக்கில் முடித்துவிடும் வீட்டாரிடம் வெடித்து அழுகிறாள். ராத்திரி அப்பா ஒரு சின்ன கேக்கை வாங்கிக்கொண்டு சந்தில் அவளுக்காகக் காத்திருக்கிறார். பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவருக்கும் அப்பாவாக இருப்பது இதுதானே முதல்முறை. அந்த இடத்தில் நான் அழுதேன், மூன்றாம் முறை பார்த்தபோதும்.

இதையெல்லாம் சொல்லும்போது இன்னொரு பக்கத்தை மறைப்பது நியாயமில்லை. கொரியாவிலும் தினசரித் தொடர்கள் உண்டு, நூறு எபிசோடுக்கு மேல் ஓடும். கதை எல்லை மீறிப் போகும் தொடர்களை அங்கே ‘மக்ஜாங்’ என்பார்கள். 2008-09-ல் எஸ்பிஎஸ் சேனலில் வந்த ‘மனைவியின் சபலம்’ தொடரில், புருஷனால் கொல்லப்பட இருந்த பெண் முகத்தில் ஒரு மச்சம் வைத்துக்கொண்டு வேறு ஆளாகத் திரும்பி வருகிறாள், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வெளிநாட்டவர் கொண்டாடுவது பெரும்பாலும் மினி தொடர்களைத்தான். பழைய மினி தொடர்களிலும் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போவதைக் காதல் என்று காட்டியிருக்கிறார்கள், எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது. ஒளிபரப்பாகும்போதே அவசர அவசரமாக எழுதி எடுத்ததால் கடைசி இரண்டு எபிசோடில் தடுமாறிய தொடர்களும் நிறைய.

சோப் ஓபராவால் மட்டுமே முடிகிற ஒன்றும் இருக்கிறது. ஜெனரல் ஹாஸ்பிட்டலில் ராபின் என்ற சிறுமியாக கிம்பர்லி மெக்கல்லா 1985-ல் வந்தார். பத்து வருடம் அவர் வளர்வதை வீட்டுப் பிள்ளையைப் போல மக்கள் பார்த்தார்கள். 1995-ல் ராபினின் காதலன் ஸ்டோன் எய்ட்ஸால் இறக்கிறான், ராபினுக்கும் எச்.ஐ.வி. தொற்று என்று தெரியவருகிறது. அந்த நோயைப் பற்றி நாடே பயந்துகொண்டிருந்த நேரம். நேற்று அறிமுகமான பாத்திரமாக இருந்திருந்தால் ஜனங்கள் சேனலை மாற்றியிருப்பார்கள். 16 எபிசோடில் இப்படி ஒரு பத்து வருட உறவைக் கட்ட முடியாது. ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ தொடரின் முதல் வசனத்தை 1956-ல் பேசிய ஹெலன் வாக்னர், அதே நான்சி ஹியூஸாகவே 2010-ல் தாம் இறக்கும்வரை இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தொடரும் நின்றுபோனது. அந்தச் சில வருடங்களில் ‘ஆல் மை சில்ட்ரன்’, ‘ஒன் லைஃப் டு லிவ்’ என்று ஒவ்வொன்றாக அணைந்தன. பெண்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டார்கள், அரட்டை நிகழ்ச்சிகள் மலிவாகக் கிடைத்தன. ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 2022-ல் என்பிசியை விட்டு பீகாக் இணையத் தளத்துக்குக் குடிபோனது. 2025 பிப்ரவரியில் சிபிஎஸ் ‘பியாண்ட் தி கேட்ஸ்’ என்று ஒரு புதுத் தொடரைத் தொடங்கியிருக்கிறது, வசதியான ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை.

ரிப்ளை 1988-ன் கடைசி எபிசோடில் அந்தச் சந்து வீடுகளை இடித்துக் கட்டப்போகிறார்கள். ஒவ்வொரு குடும்பமாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. கிண்ணத்தோடு பிள்ளைகள் நடந்த இடத்தில் உடைந்த நாற்காலியும் குப்பையும் கிடக்கின்றன. வளர்ந்துவிட்ட தொக்-சன் காலி வீட்டுக்குள் போய் நண்பர்கள் எப்போதும் கூடுகிற அறைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே பையன்கள் நான்கு பேரும் பள்ளிக்கூட வயதில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏன் இவ்வளவு நேரம் என்பதுபோல அவளைப் பார்க்கிறார்கள்.